ஆல்பம் பாட்டியின் லெந்து காலம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான என் மூத்த பேரனுக்கு,

உன் பாட்டி, ஐந்தாம் வகுப்புப் படிப்பையும் உன் தங்கையின் பேனாவையும் வைத்துக்கொண்டு எழுதுகிற கடிதம் இது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரிகூட வராததால் அந்த ஜெபம் கேட்கப்பட்டதா இல்லையா என்றுதான் தெரியவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ராசா. உன்னிடம் எதையும் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அக்கா கண் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். நேற்றுவரை அவளை அதட்டிக்கொண்டிருந்த டாக்டர்கள் இப்போது அவளைக் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுகிறார்களாம். அவள் பெற்றது இருக்கிறதே, வயது ஒன்றுகூட நிறையவில்லை, நாற்காலியைப் பிடிக்காமல் நடக்கிறது. நடந்து குப்பைக் கூடைக்குத்தான் போகிறது. ஆனால் நேராகப் போகிறது, நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான். உன் சித்தப்பா மகன் நீச்சலில் கோப்பை வாங்கினான். மூன்றாம் பரிசு என்று உன் சித்தி குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள். இரண்டு பேர் அவசரப்பட்டு முன்னால் போனால் பிள்ளை என்ன செய்வான்? உன் தங்கை வயலின் பரீட்சையில் தேறிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. உன் சித்தப்பாவின் கடைக்குட்டி முன்பல் இரண்டும் விழுந்த நிலையிலும் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஆலயத்தில் ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னான். முதல் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், பாதிப்பேர் உருக்கத்தில். உன் தங்கப் பதக்கத்தையும் நான் விட்டுவிடவில்லை. போன வாரம்கூட மீன் வாங்குகிற இடத்தில் ஒரு அம்மாளிடம் சொன்னேன். அவளுக்கு அவசரமாம், பாதியில் போய்விட்டாள். மீனை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றால் எவ்வளவு அவசரம் என்று பார்த்துக்கொள்.

இதையெல்லாம் ஏன் இப்படி ஒரே மூச்சில் கொட்டுகிறேன் என்றால், இன்று செவ்வாய்க்கிழமை. நாளை சாம்பல் புதன். ஆளுக்கு ஒரு ஆசையை விட்டுவிட்டு நோன்பிருக்கிற லெந்து காலம் பிறந்துவிடும். நாளையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும், அந்த நாற்பது நாளும், என் பேரப்பிள்ளைகளைப் பற்றி நான் யாரிடமும் பெருமை பேசக் கூடாது. கடிதத்தில் எழுதலாமா என்று போதகரிடம் கேட்டுப் பார்த்தேன். "கடிதமும் வாய்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டார். ஆகவே இருட்டுவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும்.

எல்லாம் இந்தப் புதுப் போதகரால் வந்தது. உன் வயதுதான் இருக்கும். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருப்பார். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நம் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். ஓய்வு பெற்றும் ஓயாத மனுஷர், உனக்குத் தெரியுமே, ஆராதனை நோட்டீஸில் பிழை திருத்திக்கொண்டே ஆமென் சொல்வார். "ஐயா, போன லெந்துல நீங்க எதை விட்டீங்க?" என்று கேட்டார் போதகர். "முட்டைக்கோஸ்" என்றார் இவர். "உங்களுக்கு முட்டைக்கோஸ் ரொம்பப் பிடிக்குமோ?" "சின்ன வயசிலேர்ந்தே பிடிக்காது." ஆலயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் போன வருஷம் நான் ஐஸ்கிரீமை விட்டது ஞாபகம் வந்தது. என் பல்லுக்கு ஐஸ்கிரீம் ஆகாது. மற்றவர்களுக்கும் இந்த மாதிரி என்னென்னவோ ஞாபகம் வந்திருக்கும் போல. சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

போதகர் சொன்னார்: "இந்த வருஷம் நாமளே தேர்ந்தெடுக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஹால்ல ஐக்கிய விருந்து வெச்சிருக்கோம். யாருக்கு இடது பக்கம் யார் உட்கார்றாங்களோ, அவங்கதான் சொல்லணும், இவர் எதை விட்டா நல்லா இருப்பாருன்னு. அன்போட சொல்லணும்." அன்போட என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதே அவருக்குப் பயம் இருந்திருக்க வேண்டும்.

அவர் செய்த பிழை, இதை ஒரு வாரம் முன்னாலேயே சொன்னது. நம் சபையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆராதனை முடிந்து படி இறங்குவதற்குள்ளேயே, யாரை இடது பக்கம் உட்கார வைப்பது என்று ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சபையிலேயே சாதுவானவர் தபால்காரத் தாத்தாதான். காது அறவே கேட்காது. யாரைப் பற்றியும் அவர் காதுக்கு ஒன்றும் போயிருக்க வழியில்லை, ஆகவே அவரால் என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும்? அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்கு ஆட்கள் பழக்கூடையோடு வந்தபடி இருந்தார்களாம். வியாழக்கிழமை அவர் பயந்துபோய் டாக்டரிடம் போயிருக்கிறார். "எனக்கு என்ன வியாதின்னு நீங்களாவது சொல்லிடுங்க, ஊரே ஆப்பிளோட வந்து பாக்குது" என்றாராம். என் கூடையில் ஆப்பிள் இல்லை, ஆரஞ்சுதான் இருந்தது. அதனால் அந்தப் பயத்தில் எனக்குப் பங்கில்லை.

ஞாயிறும் வந்தது. ஆராதனை நன்றாக நடந்தது. போன வருஷத்துக் குருத்தோலைகளை எல்லோரும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், எரித்துச் சாம்பலாக்கிப் புதன்கிழமை நெற்றியில் பூசுவதற்கு. முடிந்ததும் ஹாலுக்குப் போனால், நீள மேசைகளைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலியில்லை. எல்லாவற்றிலும் கைக்குட்டை, பைபிள், குடை, ஒருவருடைய ஒற்றைச் செருப்பு. தபால்காரத் தாத்தா வழக்கமாக உட்காருகிற இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை இருந்தது. பாட்டு நடக்கும்போதே முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்து வைத்தது. அதன்மேல் தையல்காரரின் தொப்பி இருந்தது. தொப்பியின்மேல் தலைமை ஆசிரியரின் கண்ணாடிக்கூடு. இடது பக்கம் என்றால் உட்கார்ந்தவருடைய இடதா, எதிரே நின்று பார்ப்பவருடைய இடதா என்று அவர் வேறு ஒரு வழக்கைத் தொடங்கியிருந்தார்.

போதகர் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் தெரியாத முகம் என்று எழுதினேனே, அதை நம்பாதே. "எல்லாரும் அவங்கவங்க சாமானை எடுத்துக்குங்க. மேசையைச் சுத்திப் பாடிக்கிட்டே நடப்போம். ஆர்கன் நிக்கும்போது யாருக்கு எந்த நாற்காலி பக்கத்துல இருக்கோ அதுல உட்காரணும்" என்றார்.

நடந்தோம். ஒரு சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் ஆர்கன்காரர் நிறுத்தப் பார்த்தார். ஆர்கன் நிற்கவில்லை. ஒரு கட்டை உள்ளே போய் மாட்டிக்கொண்டு, ஒரே சுரத்தில் 'ஙொய்' என்று அலறுகிறது. அவர் இழுக்கிறார், தட்டுகிறார், காலால் உதைக்கிறார், அது விடமாட்டேன் என்கிறது. "சத்தம் நிக்கலையே, நிக்காம எப்படி உட்கார்றது?" என்று தலைமை ஆசிரியர் சட்டம் பேசிக்கொண்டே நடக்கிறார். போதகர் இரண்டு கையையும் ஆட்டி உட்காருங்க உட்காருங்க என்று கத்துகிறார். அந்த அலறலில் யாருக்குக் கேட்கிறது? தாளம் போடுகிறார் என்று நினைத்து எல்லோரும் இன்னும் பலமாகப் பாடினோம். உன் அம்மா சூப் கரண்டியோடு நடக்கிறாள், உன் அப்பா சூப் பாத்திரத்தோடு நடக்கிறான், ஏனென்றால் பரிமாறும் பொறுப்பு அவர்களுடையது, கீழே வைக்க இடமில்லை. என் முழங்கால் என்னை விட்டுப் பிரிந்து தனியாக நடந்தது. கடைசியில் நம்மைக் காப்பாற்றியது தபால்காரத் தாத்தாதான். அவருக்கு ஆர்கனும் கேட்கவில்லை, போதகரும் கேட்கவில்லை, கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்தோம். ஆர்கனின் கழுத்தை யாரோ மின்சாரத்தைப் பிடுங்கித்தான் நெரிக்க வேண்டியதாயிற்று.

மூச்சு வாங்கித் திரும்பிப் பார்க்கிறேன், தாத்தா எனக்கு எதிர்ப்புறம் உன் அப்பாவுக்கு இடது பக்கத்தில் இருக்கிறார். எனக்கு இடது பக்கத்தில் யாரோ ஒரு புது முகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண்ணாம், இந்த ஊருக்கு வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லையாம், நம் ஆலயத்துக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தபால்காரருக்காவது ஏதோ தெரிந்திருக்கும். இவளுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது!

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும் ராசா.

நீ பாலம் கட்டுகிற கம்பெனி வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்ப் பேக்கரியில் ரொட்டி சுடுகிறாய் என்பது நம் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. உன் அப்பா அன்றைக்குச் சொன்னான்: "யாராவது கேட்டா இஞ்சினியர்னு சொல்லுங்க, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்." அதற்கப்புறம் அவன் உன் பேச்சையே எடுக்கவில்லை, உன்னோடும் பேசவில்லை. உன் அம்மா உன்னோடு பேசுவது மாடியில் துணி காயப்போடும் சாக்கில் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நாலு பேர் வீட்டில் எவ்வளவு துணிதான் காயும்! நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. யாராவது கேட்டால், "பெரிய உலை, பயங்கரச் சூடு, ராத்திரி வேலை, பொறுப்பு அதிகம்" என்று உள்ளதைத்தான் சொல்லிவந்தேன். அதைக் கேட்டுவிட்டுத் தலைமை ஆசிரியர் நீ உருக்காலையில் அதிகாரி என்று முடிவு கட்டிவிட்டார். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இரும்பு எப்படி உருகும் என்று பாடம் நடத்தினார். ஆசையாகப் பாடம் நடத்துகிறவரைத் தடுக்கலாமா?

சூப் வந்தது. ரொட்டி வந்தது. குருத்தோலை சேகரிக்கிற தகர டப்பாவும் சுற்றி வந்தது. என் ஓலை எங்கே இருக்கும்? ஆல்பத்துக்குள் இருந்தது. பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தேன். சத்தியமாக ஓலைக்காகத்தான் எடுத்தேன். ஆனால் ஆல்பம் வெளியே வந்துவிட்டால் அப்புறம் பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் எப்படி? கண்ணாடிக் கடைப் பெண்ணுக்கு உன் அக்காவைக் காட்டினேன், கோப்பையைக் காட்டினேன், வயலினைக் காட்டினேன். வழக்கமாக இந்த இடத்தில் கேட்கிறவர்களுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும். இவள் ஓடவில்லை. குனிந்து குனிந்து பார்க்கிறாள். ஓலை இருந்த பக்கம் வந்தது. உன் பக்கம் அது, நீ பட்டம் வாங்கின அன்று எடுத்த படம்.

"பாட்டி, எல்லாருக்கும் இந்த வருஷத்துப் படம் இருக்கு. இவருக்கு மட்டும் ஏன் கறுப்பு அங்கி போட்ட பழைய படம்? இப்ப எப்படி இருப்பார்? தாடி வெச்சிருக்காரா?"

நான் பதில் சொல்வதற்குள் எதிரிலிருந்து தலைமை ஆசிரியர், "அவனா! உருக்காலையில பெரிய கை. ஆயிரத்தைந்நூறு டிகிரி!" என்று தொடங்கிவிட்டார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டியை ஒரு கடி கடித்தாள். கடித்த பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஐயோ, கல்லு மாதிரி இருக்கே. நல்ல ரொட்டி சுடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல யாருமே இல்லையா?" என்றாள்.

நான் என்ன செய்வேன் சொல்லு. என் ரத்தம் அப்படி. "என் பேரன் சுட்டா இப்படியா இருக்கும்!" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லவில்லை. ஆர்கனுக்குச் சமமாகச் சொன்னேன்.

உன் அப்பா கையிலிருந்த கரண்டி சூப் பாத்திரத்துக்குள் முழுசாக மூழ்கியது, அது மூழ்குகிற சத்தம்கூடக் கேட்டது.

தலைமை ஆசிரியர் மெல்லக் கேட்டார்: "அப்போ... உருக்காலை?"

"உருக்காலைன்னு நான் எப்பங்க சொன்னேன்? சூடுன்னு சொன்னேன். உலைன்னு சொன்னேன். ராத்திரி வேலைன்னு சொன்னேன். ஆலையைக் கட்டினது நீங்க!"

சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கடைப் பெண், "நிஜமாவா? அவர் எப்போ எழுந்திருப்பார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ராசா, என்னைக் கண்டால் பால் பொங்கும் என்று ஓடுகிற அதே ஜனம்! தையல்காரர் கேட்கிறார், மாவுமேல என்ன துணி போட்டு மூடுவாங்க, பருத்தியா லினனா, அது மாவுல ஒட்டாதா என்று. கண்ணாடிக் கடைப் பெண், அடுப்புக் கதவைத் திறக்கும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடாதா, அப்போது அவருக்குக் கண் தெரியுமா என்கிறாள். ஆர்கன்காரர், சூடான ரொட்டியை வெளியே எடுத்ததும் அது படபடவென்று பேசும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உண்மையா, எந்தச் சுருதியில் பேசும் என்கிறார். போதகருக்கு வேறு கவலை: "பிசைஞ்சது போதும்னு கைக்கு எப்படித் தெரியும் பாட்டி? என் பிரசங்கத்துல எனக்கு அதுதான் தெரிய மாட்டேங்குது." தபால்காரத் தாத்தாவுக்கு விஷயத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். அவர் உடனே கத்தினார்: "விடியறதுக்கு முன்னாடி நடந்து போவானா? தெரு நாய் துரத்துமா? நின்னு மொறைச்சா போயிடும்னு சொல்லுங்க!" தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் கடைசியில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். "ஈஸ்ட் உயிருள்ளதுன்னு படிச்சிருக்கேன். அது தூங்குமா? குளிர்ல வெச்சா தூங்கி, சூட்டுல முழிக்குமா? அவனைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. உன் பதக்கம் எத்தனை கிராம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் உன் மார்க்கைக் கேட்டிருந்தால் பாடம் பாடமாகச் சொல்லியிருப்பேன். நீ எந்தக் கையால் மாவை வெட்டுகிறாய் என்று கேட்டார்கள், நான் விழித்தேன். பேரப்பிள்ளையைப் பற்றி ஒரு கேள்விக்கு நான் "தெரியாது" என்று சொன்னது, பேரப்பிள்ளை பிறந்த பிறகு அன்றைக்குத்தான். சூப் ஆறிப்போயிற்று, யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் விடுகிற சடங்கு ஆரம்பித்தது. ஆர்கன்காரரின் மனைவி, "சாப்பாட்டு மேசையில விரலால வாசிக்கிறதை விடச் சொல்லுங்க, தட்டெல்லாம் எனக்குக் கனவுல வருது" என்றாள். தையல்காரர் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "ஐயா மத்தவங்களைத் திருத்தறதை விடணும்" என்றார். ஐயா, "திருத்துவதை" என்றார். என் முறை வந்தபோது கண்ணாடிக் கடைப் பெண் வாய் திறப்பதற்குள் ஹால் முழுக்க "ஆல்பம்!" என்று ஒரே குரலில் கத்தியது. கோரஸ் பாடும்போதுகூட இவர்கள் இப்படிச் சேர்ந்து பாடினதில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆல்பம் பாட்டி வேற எதை விடுவாங்க?" என்றது. எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அன்றுதான் தெரியும். யாருடைய குரல் என்று கண்டுபிடித்துவிட்டேன், மன்னிக்கவும் செய்துவிட்டேன், யாரென்று மட்டும் எழுதமாட்டேன். துணி தைக்கிறவர்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, காலையில இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இப்ப உங்க வீட்டுல எல்லாரையும் தெரியும். அதனால சொல்லவே மனசு வரல. நாற்பது நாளைக்கு ஆல்பம் வேண்டாம், பெருமையும் வேண்டாம். யாராவது கேட்டா மட்டும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்றாள். ஆல்பத்தை அப்படியே போதகர் கையில் கொடுத்துவிட்டேன். ஆலயத்தின் பக்க அறையில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். உள்ளே அந்துருண்டை போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன், அவ்வளவுதான்.

உன் அப்பாவின் முறை கடைசியில் வந்தது. அதுவரை சூப்புக்குள் கரண்டியைத் தேடிக்கொண்டே நின்றான். தபால்காரத் தாத்தா எழுந்து நின்றார். சாதுவானவர், ஒன்றும் சொல்லமாட்டார் என்றுதானே ஊரே பழக்கூடை தூக்கியது? அவர் காது கேளாதவருக்கே உரிய குரலில் ஹால் அதிரச் சொன்னார்: "இவர் நாலு வருஷமா ஆராதனையில என் பக்கத்துலதான் உட்கார்றார். ஒரு வார்த்தை பேசினதில்ல. எனக்குக் காது கேக்காதுன்னுதான் பேசலையோன்னு நெனச்சேன். விசாரிச்சா, காது கேக்கிறவங்க கிட்டயும் பேசறதில்லையாம்! பேசாம இருக்கிறதை விடச் சொல்லுங்க!"

உன் அப்பா தலையை ஆட்டினான்.

"தலை ஆட்டறது கணக்குல சேராது!" என்றார் தாத்தா.

"சரிங்க" என்றான் உன் அப்பா. தாத்தாவுக்கு அது கேட்டிருக்காது. எங்களுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டு வாங்கக் காத்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா பயத்தில் காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்டாள். நேற்றுக் காலையில் சமையலறைக்குள் போகிறேன், உன் அப்பா ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, ஒரு துண்டு ரொட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறான். காப்பி ஆறுகிறது, ஆபீசுக்கு நேரமாகிறது, அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"என்னப்பா பாக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. இதுக்குள்ள இவ்வளவு ஓட்டை. யாரும் துளை போடல, அதுவா வந்திருக்கு. மேலே பாரமும் தாங்குது. எப்படின்னு பாக்கறேன்."

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவனைக் கேளு."

அவன் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தான். "பாலம் கட்டறவனுக்கு இது புரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம், "நீங்க எழுதும்போது கேட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டைச் சாப்பிடாமல் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். நான் அதைத் தூக்கிப் போடவில்லை. எறும்பு வராத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். இது புதன்கிழமைக்கு முன்னாலேயே நடந்தது என்பதையும் நீ கவனிக்க வேண்டும்.

நாளையிலிருந்து அவன் பேசியே ஆகவேண்டும். சபையார் முன்னால் ஒப்புக்கொண்டது. ஆகவே நாளை சாயங்காலம் உன் போன் அடித்தால் எடு. அந்தப் பக்கத்தில் யாரும் பேசாமல் மூச்சு மட்டும் கேட்டால் தவறான நம்பர் என்று வைத்துவிடாதே. அது உன் அப்பாதான். அவனுக்கு ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஓட்டையைப் பற்றி நீயே தொடங்கிவிடு.

இருட்டிக்கொண்டு வருகிறது. உன் அம்மா உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ரொட்டிக் கடையில் நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? உன் தங்கை தன் பேனாவைக் கேட்கிறாள். உன் அடுப்பு அணையாமலும் உன் கை சுடாமலும் ஆண்டவர் காப்பாராக. நீ இரவெல்லாம் விழித்திருக்கும்போது உன்னோடு விழித்திருக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்பதை மறவாதே. நாளையிலிருந்து நாற்பது நாளும் தாழ்மையோடும் அமைதியோடும் இருக்கப்போகிற,

உன் அன்பான பாட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதால் இதை எழுதுகிறேன். தாழ்மை, அமைதி என்று மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. யாராவது கேட்டால் சொல்லலாம் என்றுதானே அந்தப் பெண் தீர்ப்புச் சொன்னாள்? இன்று காலையில் கடையிலிருந்து ஒரு முழு ரொட்டியை வாங்கி, பையில் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஒத்திகை பார்த்தேன். மூன்று பேர் நிறுத்தி, "என்ன பாட்டி, ரொட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்கள். கேட்டார்களா இல்லையா! நாற்பது நாளைக்கு இது போதும்.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை என்று முதலில் எழுதியதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். எல்லோருடைய கேள்விக்கும் பதில் வேண்டும். தாடி கேள்விக்கும் வேண்டும். ஆல்பத்தை அப்படியே கொடுத்துவிட்டேன் என்று எழுதினேனே, அப்படியே கொடுக்கவில்லை. கொடுக்கும் முன்னால் உன் கறுப்பு அங்கிப் படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன். பசை பலமாக இருந்ததால் ஒரு மூலை கிழிந்துவிட்டது. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், உன்னிடமே இருக்கட்டும். அலமாரிக்குள் உன் பக்கம் இப்போது வெறுமையாக இருக்கிறது. ஈஸ்டர் அன்று பூட்டைத் திறக்கும்போது கண்ணாடிக் கடைப் பெண் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவாள், எனக்குத் தெரியும். போனில் வருகிற படம் எனக்கு வேண்டாம், அதில் பசை ஒட்டாது. அடுப்புக் கதவு திறந்திருக்கும்போது எடு. மாவைத் தட்டிவிடாதே, முகத்தைக் கழுவாதே, கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால் துடைக்காதே, கையில் ஒரு ரொட்டியைப் பிடித்துக்கொள். உன் அப்பாவுக்கும் தெரிகிற மாதிரி அதை நடுவில் பிளந்து, ஓட்டை தெரியப் பிடித்துக்கொள். அப்படி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போட்டு அனுப்பு.